பாப்பம் ஐயா

மழை வருமா என்று அவரிடம் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு எதிர்த்த மலையைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அதற்குள் கேட்டவர் நனைந்து முடிந்திருப்பார். அப்போதும் "மழை வரும்" என்று அவர் வாயிலிருந்து வராது. "இஞ்சை பெய்யுது" என்பார். கண்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான்.

எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்று சொல்வதால் நாங்கள் குடியிருந்த லயத்தில் அவருக்குப் பாப்பம் ஐயா என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைத் தோட்டத்துத் துரையும் கணக்கப்பிள்ளையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆள். இங்கிலீஷ் படித்தவர். ரப்பர் மரத்துக்கு வரும் நோயை ஆராய்ச்சி பண்ணும் இடம் ஒன்றிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். கரவனெல்லைக்கு மேலே, களனி கங்கையைப் பார்த்தபடி இருக்கிற தோட்டம். அப்போது அவருக்கு முப்பது வயது இருக்கலாம். எனக்கு அதைவிடக் குறைவு. இடுப்பில் முதல் பிள்ளை.

ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம். தொப்பி மட்டும் தலைக்குப் பெரிசு. மற்றவர்கள் எங்களை 'நீ' என்பார்கள், 'அடி' என்பார்கள். இவர் 'நீர்' என்று கூப்பிடுவார். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யாராவது 'அடி' என்றால் கோபம் வரத் தொடங்கியது.

அட்டைக்கடிக்கு அவர் செய்த வேலையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். ரப்பர் மலையில் அட்டை ஏறாத கால் ஏது? நாங்கள் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு போவோம். இவர் இடக்காலில் சவர்க்காரம் பூசுவார், வலக்காலில் புகையிலைத் தண்ணீர் பூசுவார். மத்தியானம் ஒரு கல்லில் உட்கார்ந்து எந்தக் காலில் எத்தனை அட்டை என்று எண்ணுவார். மறுநாள் சவர்க்காரம் வலக்காலுக்குப் போய்விடும், புகையிலை இடக்காலுக்கு வந்துவிடும்.

"ஏன் ஐயா மாத்திப் பூசுறீங்க?" என்று கேட்டேன்.

"என்ரை இடக்கால் ரத்தம் அதுகளுக்குக் கூட ருசியோ என்னவோ, ஆர் கண்டது?"

தன் கால் இரண்டும் ஒரே மாதிரி என்றுகூட நம்பாத மனிதர்.

கரவனெல்லைச் சாலையில் ஒரு முஸ்லிம் முதலாளி கடை வைத்திருந்தார். இவர் முட்டை வாங்கப் போனால் அங்கே ஒரு கூட்டம் கூடும். ஒவ்வொரு முட்டையாக வாளித் தண்ணீரில் விட்டு, மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்ப்பார். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு நிற்பார்.

"ஐயா, எல்லாம் தாழ்ந்துட்டுது. நல்ல முட்டைதான். எடுத்துட்டுப் போங்களேன்."

"தாழுறதெல்லாம் நல்ல முட்டை எண்டு உடைச்சுப் பாத்தனீங்களோ முதலாளி?"

"ஒடச்சுப் பாத்தா விக்கிறது எப்புடீங்க? கோழியையே கூட்டிட்டு வந்து நிப்பாட்டுறேன், நீங்க அதையே கேட்டுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் மிச்ச முட்டைகளையும் தண்ணீரில் விட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனார்.

சீமையில் பெரிய சண்டை முடிந்து ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. எங்கள் கங்காணிக்கு அந்தக் கவலை. லண்டனில் விலை எப்போது ஏறும் என்று இவரைப் பிடித்துக் கேட்டார். படித்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? இவர் விலை ஏன் விழுந்தது, எங்கெங்கே ரப்பர் தேங்கிக் கிடக்கிறது என்று மண்ணில் கோடு போட்டுப் பொறுமையாக விளக்கினார். கங்காணி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரிங்க, வர்ற வருசம் ஏறுமா?" என்றார்.

"போன வருசத்தைச் சொல்லுவன். வாற வருசத்தை நான் காணேல்லை."

கங்காணி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். "இந்த ஆளா நம்மளக் காப்பாத்தப் போறாரு?"

ஆம், எங்களைக் காப்பாற்ற வேண்டிய நிலைமையில்தான் அவர் வந்து சேர்ந்திருந்தார். விலை விழுந்ததும் பெரிய துரை, பாலைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும் என்று பால் வடிய மரப்பட்டையைத் தினமும் வெட்டச் சொன்னார். ஒரு வருடம் அப்படி வெட்டினோம். பிறகு கங்கையைப் பார்த்த மலையில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பால் மறுக்கத் தொடங்கின. வெட்டினால் பட்டை மண் நிறமாகக் காய்ந்து கிடக்கும். ஒரு சொட்டு வராது. அந்த மலையில் வெட்டினவள் நான். கத்தி ஆழமாகப் போய் மரத்தைக் கொன்றுவிட்டது என்று துரை சொன்னார். காலையில் எல்லோரும் கூடி நிற்கிற பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னார். கத்திதான் காரணம் என்று தெரிந்தால் எங்கள் குடும்பத்துக்கு வேலை நீக்கும் பற்றுச்சீட்டு என்றும் சொன்னார். பற்றுச்சீட்டுக் கையில் வந்தால் அன்றைக்கே சட்டி பானையோடு லயத்தை விட்டு இறங்க வேண்டும். மரத்தைக் கொன்றவள் என்ற பேச்சோடு போனால் தெரணியகலைப் பக்கம்கூட ஒரு கங்காணி சேர்க்க மாட்டான்.

எனக்குப் பட்டினியைவிட அந்தப் பேச்சுத்தான் பெரிசாக இருந்தது. பன்னிரண்டு வயதில் கத்தி பிடித்தவள் நான். என் வெட்டில் மரம் நோகாது என்று என் தகப்பனாரே சொல்லியிருக்கிறார்.

பாப்பம் ஐயா வந்த முதல் நாளே அவர் வழியை மறித்தேன்.

"ஐயா, என் கை அப்படிப்பட்ட கை இல்லீங்க. தொரகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

காய்ந்த பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். என் கத்தியை வாங்கிப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

கத்தியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

அவர் செய்த ஏற்பாடு இதுதான். ஒரே மலை, ஒரே கத்தி, ஒரே கை. பாதி நிரைகளின் மரங்களுக்குச் சுண்ணாம்பால் வெள்ளை வளையம் போடுவது. வளைய மரங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது. மற்ற மரங்களை முன்போலத் தினமும் வெட்டுவது. வளைய மரம் பிழைத்து மற்றது காய்ந்தால், தினமும் வெட்டினதுதான் காரணம். இரண்டும் ஒரே மாதிரி காய்ந்தால் குற்றம் என் கைக்குத்தான். துரையும் அதற்குச் சம்மதித்தார்.

எந்த நிரைக்கு வளையம் என்பதற்குச் சீட்டு எடுக்க வேண்டும் என்றார். பாதிச் சீட்டில் வட்டம் போட்டு, பாதியை வெறுமனே விட்டு, எல்லாவற்றையும் மடித்துத் தொப்பிக்குள் போட்டார். பக்கத்தில் சிரட்டை கழுவிக்கொண்டிருந்த என் மாமியாரைக் கூப்பிட்டார். அவர்தான் எனக்குப் பின்னால் வந்து மரத்துக்கு மரம் சிரட்டை வைத்து, பிறகு பால் எடுக்கிறவர்.

"அம்மா, பாக்காமல் ஒவ்வொண்டா எடுத்துத் தாரும்."

அத்தைக்கு அது என்னவென்று உடனே விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தார். எங்கள் மாரியம்மன் கோயிலில் ஒரு காரியத்துக்கு உத்தரவு கேட்கிறதென்றால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் இலையில் மடித்து வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வோம். வந்த பூ ஆத்தாள் சொன்ன பதில். ஐயா கேட்பதும் அதுதானே? அத்தை எழுந்து போய்க் கால் கை கழுவினார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கிழக்கே பார்த்து நின்று, "தாயே, எம் புள்ளைங்களக் காப்பாத்து" என்று கண்ணை மூடிக்கொண்டு தொப்பிக்குள் கையை விட்டார். ஐயாவுக்கு இது என்னவென்று தெரியவில்லை. வயசான அம்மா கவனமாக எடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டு நின்றார். எனக்கும் அந்த நேரத்தில் ஆத்தாள் துணை வேண்டியிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் பால் எடுக்கும் முன் ஐயா வருவார். ஒரு ஈர்க்குக் குச்சியைச் சிரட்டையில் விட்டு, பால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்வார். வளைய மரங்கள் நன்றாகக் கறந்தன. வாரத்துக்கு வாரம் கூடியது. மற்ற மரங்களில் பால் சுருங்கியது. கணக்கப்பிள்ளை அதைத் துரையிடம் சொல்ல, துரை என்னைப் பார்த்து முறைப்பதை நிறுத்தினார். லயத்தில் எனக்கு மரியாதை திரும்பியது. ஐயா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்குங்க ஐயா?"

"கொஞ்சம் கூட நல்லாயிருக்கு" என்றார்.

நல்லதிலும் குறை காண்கிற ஆள் என்று மனதுக்குள் திட்டினேன்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் சாயந்தரம், வளைய மரம் ஒன்றின் பட்டையில் ஒரு துண்டைச் சீவி எடுத்து, தன் இடத்துக்கு அனுப்பப் பொதி கட்டினார். "நாளைக்கு இந்த மரத்தை வெட்டவேண்டாம்" என்று என்னிடம் சொன்னார். நான் வெட்டவில்லை. அத்தையிடம் அதைச் சொல்ல நான் நினைக்கவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் நான் அடுத்த நிரையில் இருக்கும்போது ஐயா கூப்பிட்டார். சத்தம் போடாமல்தான் கூப்பிட்டார். போனேன். அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சிரட்டை நிறையப் பால்.

"இதை வெட்டினீரோ?"

"இல்லீங்க. நீங்கதானே வேணாம்னீங்க."

"வெட்டாத மரம் பால் தருதோ?"

மரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். பழைய வெட்டின் மேல் முந்தாநாள் ஒட்டுப்பால் நூல்போலக் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. புது வெட்டு இல்லை. பின்னால் இலை சரசரத்தது. வாளியும் கையுமாக அத்தை நின்றார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆத்தாள் கைகாட்டின மரம் குறைந்து போகலாமா? வளையமில்லாத மரத்துச் சிரட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, வளைய மரங்களுக்கு ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மருமகளைக் காப்பாற்றின மாதிரியும் ஆச்சு, தெய்வத்தின் வாக்கைக் காப்பாற்றின மாதிரியும் ஆச்சு. அதில் ஒரு தப்பும் அவருக்குத் தோன்றியிருக்காது. ஐயாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

"ஐயா, அது வந்துங்க..." என்று அத்தை தொடங்கினார்.

ஐயா சட்டென்று கையைத் தூக்கினார். "அம்மா, நான் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லை."

"இல்லீங்க, நான் சொல்லிப்புடுறேன்..."

"சொன்னால் எனக்குத் தெரிஞ்சுபோம். தெரிஞ்சால் துரை கேக்கேக்கை நான் சொல்லவேணும்." கங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாளியை எடுத்துக்கொண்டு போம் அம்மா."

அட்டையையும் முட்டையையும் விடாத மனிதர், தன் மூன்று மாத வேலையைப் பாழாக்கினது யார் என்று பாராமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அத்தை போய் மறைகிற வரைக்கும் திரும்பவில்லை. பிறகு சிரட்டையை எடுத்துப் பாலைக் கீழே கொட்டினார்.

"ஐயா, தொரகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வேணும். இந்தக் கணக்கு முழுக்கப் பிழை."

"நல்லாத்தானேங்க முடிஞ்சு வருது? தொரயும் எறங்கி வந்துட்டாரு. மரத்துக்கு நல்லதுதானே சொல்லப்போறீங்க, யாருக்கு என்ன நட்டம்?"

"எனக்கும் அதுதான் விருப்பம்" என்றார். "என்ரை விருப்பத்தை மரம் சொன்னதெண்டு எப்பிடி எழுதுறது?"

காலில் விழட்டுமா என்று கேட்டேன். கோபமாக, "எழும்பும்" என்றார். நான் விழவே இல்லை, கேட்கத்தான் கேட்டேன். அவருக்கு அப்படிப் பதறிவிட்டது.

மறுநாள் பெரட்டுக் களத்தில் துரை குதிரையை விட்டு இறங்கும் முன்பே ஐயா போய் இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது. எங்களுக்கும் கேட்கட்டும் என்று தமிழில் கத்தினார்.

"யாரு ஊத்தினது? பேரு சொல்லு. அந்தக் குடும்பம் இன்னைக்கே பத்துச்சீட்டு."

அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கங்காணி தரையைப் பார்த்தார்.

ஐயாவும் தமிழிலேயே பதில் சொன்னார். "ஊத்தினதை நான் காணேல்லை."

"அந்த மலையில வெட்டுறது இவதானே?"

"அந்த மரத்தை இவ வெட்டேல்லை. அதை நான் கண்டனான். மற்றதை நான் காணேல்லை. காணாததைச் சொல்ல என்னால ஏலாது."

"நீ என்ன ஆராய்ச்சி பண்ற ஆளு மேன்? மூணு மாசம் வீண்."

"வீண்தான். ஒழுங்கு பண்ணினது நான், பிழை என்ரை. ஏன் செய்யிறம் எண்டு இந்த ஆக்களுக்குச் சொல்லேல்லை. சொல்லிப்போட்டுத் திரும்பத் தொடங்குவன்."

அவருடைய மேலிடத்துக்குத் துரை புகார் எழுதப் போவதாகச் சொன்னார். தானே அப்படித்தான் எழுதி அனுப்பியிருப்பதாக ஐயா சொன்னார். அதற்கு மேல் துரையால் என்ன சொல்ல முடியும்? கணக்கப்பிள்ளையை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் குதிரையில் ஏறினார். முதலில் பேசிக்கொண்டபடி, மரம் என்ன ஆகிறதோ அதன்படி எங்கள் கதி என்று மறுபடியும் ஆயிற்று.

அன்று மத்தியானம் ஐயா எங்களை மரத்தடியில் உட்கார வைத்துச் சொன்னார். தான் வளையம் போடும் மரத்தைத் தானே பொறுக்கினால், தன் கண் நல்ல மரமாகத் தேடிப் போய்விடும். அதனால்தான் கண்ணை விட்டுவிட்டுச் சீட்டு. மரத்துக்கு உதவி செய்தால் மரம் பொய் சொல்லும். இவ்வளவுதான்.

"அப்ப ஆத்தா சொல்லலீங்களா?" என்று அத்தை கேட்டார்.

"சொன்னாவோ எண்டு நான் காணேல்லை அம்மா. சொல்லேல்லை எண்டும் காணேல்லை."

அத்தைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. இரண்டாம் தடவை சீட்டைக் கணக்கப்பிள்ளை எடுத்தார். "கையைக் கழுவாம எடுக்கிறாரு பாரு" என்று அத்தை என் காதில் முணுமுணுத்தார். ஆனால் அதன் பிறகு ஒரு சிரட்டையையும் தொடவில்லை. ஐயாவே பால் எடுக்க ஆள் வைத்துக்கொண்டார்.

அந்தத் தடவை எனக்குச் சோறு இறங்கவில்லை. வளைய மரங்களும் சில நாள் குறைவாகத்தான் கொடுத்தன. ஒரு வாரம் மழையில் எல்லாமே ஒன்றுபோல் இருந்தன. இரவில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, எந்தத் தோட்டத்தில் யார் சொந்தம் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். ஊற்றாத பால் மெதுவாகத்தான் பேசும் போலிருக்கிறது. இலையுதிர்ந்து புது இலை விட்ட பிறகுதான் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. தினமும் வெட்டின நிரையில் மரத்துக்கு மரம் காய்ந்தது. வளைய நிரையில் ஒன்றிரண்டு காய்ந்தன, மற்றவை நின்றன.

ஐயா துரையை மலைக்கே கூட்டி வந்தார். நிரை நிரையாக நடத்திக் காட்டினார். துரை ஒரு கல்லில் உட்கார்ந்து புகை குடித்தார்.

"அப்ப இவ கத்தி நல்ல கத்தி. அப்புடித்தானே?"

நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன்.

"நல்ல கத்தி எண்டு நான் சொல்லேல்லை" என்றார் ஐயா. "இந்த மரங்களைச் சாகடிச்சது கத்தி இல்லை, தினமும் வெட்டினது. அவ்வளவும்தான் சொல்லுறன்."

துரை எழுந்து போனார். அடுத்த மாதம் மலை முழுக்க ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு வந்தது. பற்றுச்சீட்டுப் பேச்சு நின்றது. என் மற்றப் பிள்ளைகள் நாலு பேரும் அதே லயத்தில்தான் பிறந்தார்கள். அத்தை கோயிலுக்குப் பொங்கல் வைத்தார். ஐயாவுக்கும் ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். சாப்பிட்டார். சர்க்கரை கொஞ்சம் கூட என்றார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. குடும்பம் பிழைத்தது, சரி. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? அவர் போகிற அன்று, சாமான் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும்போது நேரே போய் நின்றேன்.

"ஐயா, போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. என் கை நல்ல கையா, கெட்ட கையா?"

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உண்மையாகவே யோசித்தார்.

"உம்மடை கையை மட்டும்தானே கண்டனான்" என்றார். "பக்கத்திலை இன்னொரு கை வெட்டியிருந்தால் பாத்துச் சொல்லியிருக்கலாம். ஒரு கையை வைச்சு எப்பிடிச் சொல்லுறது?"

வண்டி சாலை வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கித்துல்கலைப் பக்கம் வேறு தோட்டத்தில் இருக்கிறார் என்று சொன்னார்கள். பிறகு அப்படி ஒரு செய்தியும் வரவில்லை.

அடுத்த வாரமே கங்காணியிடம் போய், என் நாத்தனாரை எனக்குப் பக்கத்து நிரையில் போடச் சொன்னேன். லயத்தில் எனக்கு அடுத்தபடி கை என்று பெயரெடுத்தவள் அவள். ஒரு மாதம் அவள் நிரையில் நான், என் நிரையில் அவள் என்று மாற்றியும் வெட்டினோம். "ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு அண்ணி" என்று அவள் சிரித்தாள். அடுத்த இலையுதிர்வு வரைக்கும் பார்த்தேன். கண்டதைச் சொல்வதென்றால், மேட்டு நிலத்தில் என் கை நல்ல கை. பள்ளத்தில் அவள் கைதான்.